லீவு நாள் மாத்திரை

ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள், நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று மலாய்க்காரப் படகோட்டி மைக்கில் சொன்னான். யாரும் தூக்கவில்லை. கேரன் தன் கணவன் கேப்ரியலின் விலாவில் முழங்கையால் இடித்தாள். அவன் அவள் பக்கமே திரும்பாமல் பாங்கோர் தீவின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லோரி கம்பெனியின் குடும்ப தினம். லுமுட்டில் படகு ஏறியதிலிருந்து கராவோக்கேயும் கோழிப் பொரியலும் ஓயவில்லை. டிரைவர்களின் பிள்ளைகள் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிக்கொண்டு படகு நிற்பதற்கு முன்பே குதிக்கத் தயாராக இருந்தார்கள். மகள் ட்ரேசியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தது கேரனுக்கும் கேப்ரியலுக்கும் மட்டும்தான்.

வலிப்பு முதல் முறை வந்தது புந்தோங் வீட்டில், டிவி முன்னால். கையில் சோற்றுக் கரண்டியோடு அவன் உதறியபோது விளையாடுகிறான் என்று நினைத்து அவள் திட்டினாள். இரண்டாம் முறை குளியலறையில். கதவை உடைக்க வேண்டியிருந்தது. இனிமேல் லோரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது காரில், கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் என்னை கம்பெனி கேட்டில் நிறுத்தி ரசீது வாங்க வைப்பார்கள், அந்தச் சம்பளத்தில் நாம் எதைத் தின்பது என்று கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே ஹுத்தான் மெலிந்தாங் ஆலையிலிருந்து செம்பனை எண்ணெய் டேங்கரை எடுத்துவிட்டான். அன்றிலிருந்து காலையில் அவன் வீட்டுக் கேட்டைச் சாத்திவிட்டுப் போனால், லோரியை நிறுத்திவிட்டு அவன் போன் செய்யும்வரை அவளுக்குக் கை வேலையில் நிற்காது. அவன் ஓட்டுகிற நெடுஞ்சாலையில் ஸ்கூல் பஸ்கள் போகும். மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பெண்கள் போவார்கள். அதையெல்லாம் நினைப்பாள். நினைத்துக்கொண்டே வெங்காயம் உரிப்பாள்.

"காலையில மாத்திர போட்டீங்கதானே?" என்று அவன் காதருகில் கேட்டாள்.

"இன்னைக்கு லீவுலா. லோரி எடுக்கலையே, எதுக்கு?"

அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், சீனப் பெருநாளுக்கு ஆலை மூடிய வாரம், எதிலும் அவன் போட்டிருக்க மாட்டான். லோரிக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல, வண்டி ஓடுகிற நாளில் மட்டும் போடுகிற பொருளாக அதை வைத்திருக்கிறான். நோய் தன் உடம்பில் இல்லை, டேங்கரின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறான். மாத்திரையோ வீட்டு அலமாரியில், விட்டமின் டப்பாவுக்குள் கிடந்தது.

இறங்காதீங்க என்று சத்தமாகச் சொல்ல முடியாது. பக்கத்திலேயே சூப்பர்வைசர் கிளென் உட்கார்ந்து கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். யாருக்கு எந்த லோரி என்று போடுகிறவன் அவன்தான். கேப்ரியலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் தண்ணீரிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் குரல் கொடுத்தான், அவனும் டிரைவர்தான்.

"என்னா மச்சான், பொண்டாட்டி லைசன்ஸ் குடுக்கலையா?"

படகே சிரித்தது. கேப்ரியல் குதித்துவிட்டான்.

எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு மிதவைச் சட்டை. எல்லாரும் முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, கைகளை விரித்து, அசையாமல் கிடந்தார்கள். வேறெந்தத் தண்ணீரில் மனிதர்கள் இப்படி மிதந்தாலும் போலீசைக் கூப்பிடுவார்கள். இங்கே அதற்குப் பெயர் உல்லாசம். குதிகால் வெடிப்பை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடித்தாள். அப்புறம் அந்தக் குதிகால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவை அசைந்தால் பயந்தாள். அசையாமல் இருந்தால் அதைவிடப் பயந்தாள். யாரோ அவள் மடியில் மீகூன் நூடுல்ஸ் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். செபமாலைச் செபத்தில் பாதிக்கு மேல் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அப்போது அவனைச் சுற்றித் தண்ணீர் கொதித்தது. கைகள் வெட்டி வெட்டி இழுத்தன. கால்கள் உதறின. வெள்ளை நுரைக்குள் தலை உள்ளே போய் வெளியே வந்தது.

தட்டு கீழே விழுந்தது. என் புருஷனுக்கு வலிப்பு நோய், மாத்திரை போடவில்லை, காப்பாற்றுங்கள் என்று படகோட்டியைப் பார்த்து மலாயில் கத்தினாள். மலாய் தெரியாதவர் அந்தப் படகில் ஒருவரும் இல்லை. படகோட்டி குதித்தான். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

கிளென் எலும்பைக் கீழே வைத்தான்.

"அக்கா, அண்ணனுக்கு வலிப்பா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமகூட லோடு எடுத்துட்டுப் போனாரேக்கா. நான்தானே சாவிய குடுத்தேன்."

அவன் கோபப்படவில்லை. முகம்தான் வெளுத்துப்போயிருந்தது. எந்தச் சாலையை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் தினமும் நினைத்த சாலைதான். அங்கே ஊரார் சாகக்கூடும் என்று தெரிந்தும் அவள் வாய் திறந்ததில்லை. இங்கே சாகப்போவது இவன் ஒருவன்தான் என்றதும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

படகோட்டி கேப்ரியலின் நெஞ்சைக் கையால் வளைத்து இழுத்து வந்தான். கேப்ரியல் திமிறினான். இருமினான். பிறகு சிரித்தான். மீன்களுக்குப் போட ட்ரேசி கொடுத்த ரொட்டித் துண்டுகள் அவன் முஷ்டியில் கூழாகியிருந்தன. ரொட்டியைப் பிய்த்ததும் வரி மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து அப்பாவின் விரல்களைக் கடித்ததாகவும் அவர் கைகாலை உதறித் துள்ளியதாகவும் பின்னால் நீந்தி வந்த ட்ரேசி எல்லாரிடமும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கேப்ரியல் ஏணியைப் பிடித்தான். கண்ணாடி அழுத்திய தடம் முகத்தில் சிவப்பாக வட்டமிட்டிருந்தது. பல வருடங்களாக அவள் பார்க்காத சந்தோஷம் அந்த வட்டத்துக்குள் இருந்தது.

"கேரன், நீயும் எறங்கிப் பாருலா. அடியில ஒரு ஊரே இருக்கு." மேலே நிமிர்ந்து பார்த்தான். "என்னா, ஏன் பாட்ட நிப்பாட்டிட்டீங்க?"

கிளென் குனிந்து கையை நீட்டினான். கேப்ரியல் அதைப் பற்றிக்கொண்டு ஏறி, படகின் தளத்தில் கால் ஊன்றி நின்றான். அவன் உடம்பிலிருந்து தண்ணீர் இருவர் காலிலும் ஒழுகியது. நின்ற பிறகும் கிளென் அவன் மணிக்கட்டை விடவில்லை. கேப்ரியல் சிரித்த முகத்தோடு அந்தக் கையைப் பார்த்தான், பிறகு கேரனைப் பார்த்தான்.