பிரதமரம்மா கொழுந்தெடுத்த மழைக்காலம்

தொலைக்காட்சித் தொடரிலிருந்து தப்பி வந்த பிரதமர், இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள கிளென்டார் தேயிலைத் தோட்டத்தில், வேலாயியின் லயத்து வரிசை வீட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒளிந்திருந்தார். நாடெங்கும் மின்சாரம் வெட்டப்பட்ட 2022ஆம் ஆண்டு அது. ஐரோப்பாவின் வடகடலோரத்துச் சிறிய நாடொன்றின் கதையைத் தமிழில் குரல் மாற்றிச் செய்திக்கு முன்னர் ஒளிபரப்பினார்கள். அந்த நாட்டின் பெண் பிரதமர், கடலடியிலிருந்து எரிவாயு எடுப்பதை இனி நிறுத்துவதாக அறிவிக்கிறார். அடுப்பெரியாத கோபத்தில் பக்கத்துப் பெரிய நாடு படையை அனுப்பி நாட்டைப் பிடித்துக்கொள்கிறது. சிப்பாய்கள் துரத்த, பிரதமர் ஒரு கதவைத் திறந்துகொண்டு ஓடிய அதே நேரத்தில் தோட்டத்தில் கரண்ட் போனது. வேலாயி மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பார்த்தபோது, டீவிக்கும் அரிசி வாளிக்கும் நடுவே அவர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை.

கொழுந்து பறிக்கும் வேலாயி தனியாக வாழ்ந்தவள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பிளேன்டீ கொடுத்துத்தான் விசாரிப்பாள். அதைக் குடித்துவிட்டுப் பிரதமர், "உங்கள் அன்புக்கு என் தேசம் கடமைப்பட்டிருக்கிறது" என்றார். குரல் மாற்றப்பட்ட தொடரிலிருந்து வந்தவர் என்பதால் உதடுகள் ஒன்று சொல்ல, சொற்கள் சற்றுப் பிந்தி வேறொன்றாக வந்தன. "தேசம் கெடக்கட்டும், காலக் கழுவிட்டு வாங்க, ரொட்டி ஆறுது" என்றாள் வேலாயி.

மறுநாள் காலை இருவரும் கூடையோடு மலைக்குப் போனார்கள். கங்காணி அழகன், இது யார் என்று கேட்டார். "எங்க சின்னம்மா மக. உடப்புசல்லாவையில இருந்து வந்திருக்கு" என்றாள் வேலாயி. பிரதமரின் பொன்னிற முடியையும் நீலக் கண்களையும் அழகன் கொஞ்சநேரம் பார்த்தார். "அங்கிட்டு குளிர் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். முத்தல் இலையையும் சேர்த்துப் பறித்ததற்காகப் பிரதமர் அன்று ஏச்சு வாங்கினார். பாராளுமன்றத்தில் தான் வாங்கிய ஏச்சுகளைவிட இது நியாயமானது என்று மாலையில் வேலாயியிடம் சொன்னார். கிளென்டாரில் ஒருவர் தும்மினால் அடுத்த பிரிவில் கைமருந்து சொல்வார்கள். ஆனாலும் இந்தச் செய்தி மட்டும் தோட்டத்து எல்லையிலுள்ள ஆற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை.

தொடரில் பிரதமர் இல்லாததால் கதை நகர மறுத்தது. நகரமெல்லாம் தேடிச் சலித்த ஆக்கிரமிப்புப் படையின் கர்னல், ஒருநாள் திரையின் கண்ணாடி வரைக்கும் வந்து, வீடு வீடாக வெளியே எட்டிப் பார்த்து, "பிரதமர் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார். தோட்டத்தார் எழுந்து நின்று, "தெரியாதுங்க தொரை" என்றார்கள். பல தலைமுறைத் தொரைமாரிடம் சொல்லிப் பழகிய பதில் என்பதால் யாருக்கும் நாக்குத் தடுமாறவில்லை. கர்னலின் பார்வை குசினி வரைக்கும் போகும் என்று பயந்தவர்கள் டீவியின் மேல் துணியைப் போட்டுவிட்டுக் கதையைக் காதால் கேட்டார்கள். மிரட்டிப் பயனில்லை என்று கண்ட கர்னல் குரலைத் தணித்தார். பிரதமரைக் காட்டிக் கொடுக்கும் வீட்டுக்கு வெட்டே இல்லாத மின்சாரம் ஆயுள் முழுவதும் கிடைக்கும் என்றார்.

வேலாயியின் பக்கத்து வீட்டில் சூசைரட்ணம் இருந்தார். அவருடைய ஆட்டோ அந்த வருடம் ஓடியதைவிடப் பெற்றோல் வரிசையில் நின்றதுதான் அதிகம். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அவருடைய மனைவி டோரீனுக்கு மூச்சிழுப்பு நோய். முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை இழுக்கும் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. அது கரண்டில் மட்டுமே ஓடும். கர்னல் ஆசை காட்டிய கிழமையில் ஒருநாள், மின்வெட்டு நேரத்தில் டோரீனுக்கு இழுப்பு வந்தது. உதடு நீலம் பாய்ந்த மனைவியை ஆட்டோவில் ஏற்றி, தாங்கியின் அடியில் கிடந்த பெற்றோலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் சூசைரட்ணம். வாசலில் பெற்றோல் தீர்ந்து ஆட்டோ நின்றது. டோரீன் பிழைத்து வந்தாள்.

இரண்டொரு நாள் கழித்து, மனைவி தூங்குகிறாள் என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டு டீவியின் முன் உட்கார்ந்தார். கர்னல் கண்ணாடிக்கு வந்தார். "மொதல்ல கரண்டக் குடுங்க" என்றார் சூசைரட்ணம். "வாக்குத் தருகிறேன். பிரதமர் எங்கே?" என்றார் கர்னல். சூசைரட்ணம், "வேலா..." என்று ஆரம்பித்தார். சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்த டோரீன் ரிமோட்டை எடுத்து வேறு சேனலை வைத்தாள்.

"அவங்களக் காட்டிக் குடுத்து வர்ற கரண்டுல நான் மூச்சு விட மாட்டேங்க" என்றாள்.

"நீ செத்துப் போனா நான் என்னா செய்றது?"

"அதையும் யோசிச்சிட்டுத்தான் சொல்றேன்."

கர்னலால் உடனே தொடருக்குத் திரும்ப முடியவில்லை. வைத்த சேனலில் ஒரு சிங்களப் பெண் கேக் செய்துகொண்டிருந்தாள். சீருடையோடு பக்கத்தில் நின்றவரிடம் அவள் பாத்திரத்தைக் கொடுத்து முட்டை அடிக்கச் சொன்னாள். மறுநாள் தொடரில் ஆக்கிரமிப்புப் படை முழுவதும் 'வேலா' என்ற ஊரைத் தன் வரைபடத்தில் தேடியது.

டோரீனே கணவனை வேலாயியின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். "அம்மா, நான் பாதி சொல்லிட்டேங்க" என்றார் சூசைரட்ணம். "மீதியைச் சொல்லாததற்கு நன்றி" என்றார் பிரதமர். உதடுகள் அதைவிட அதிகம் பேசின என்று வேலாயி பின்னாளில் சொல்வாள். மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் டோரீனின் தோள்களைப் பிரதமர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷினுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்டார். இரண்டு மூன்று பல்பு எரிகிற அளவு போதும் என்றார் சூசைரட்ணம்.

"நான் எரிவாயுக் குழாயை மூடியபோது இதை யாரிடமும் கேட்கவில்லை" என்றார் பிரதமர். "காற்றாலைகளைக் கட்டி முடித்துவிட்டு மூடியிருக்க வேண்டும். நாளை திரும்பிப் போகிறேன்."

"அங்க புடிச்சிருவாங்களே" என்றாள் வேலாயி.

"பிடிக்கட்டும். இங்கே ஒளிந்திருக்கும் வரை கதை நகராது."

மறுநாள் தொடர் தொடங்கும் நேரத்தில் கரண்ட் இருந்தது. வேலாயி அவருக்குத் தலை சீவிப் பின்னிவிட்டு, தன் சுவெட்டரைப் போட்டுவிட்டு, ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். பிரதமர் மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டு திரைக்குள் ஏறினார். மலை வெயிலிலும் மழையிலும் கறுத்து, நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்போடு தலைநகரின் சதுக்கத்தில் நடந்த பெண்ணைச் சிப்பாய்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது அவர் பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. சில கிழமைகளில் படை வெளியேறியது. அந்தச் சுவெட்டர் எங்கிருந்து வந்தது என்று தொடரில் விளக்கவில்லை என ஒரு பத்திரிகை குறைபட்டுக்கொண்டது.

படை போன மாலையில் தோட்டத்தில் வழக்கம்போல் கரண்ட் நின்றது. டோரீனின் வீட்டில் நிற்கவில்லை. அடுத்த வெட்டிலும், அதற்கடுத்த வெட்டிலும் நிற்கவில்லை. மின்சார சபையிலிருந்து சோதிக்க வந்த பிரியந்தி என்ற சிங்களப் பெண் கம்பியைச் சோதித்து, மீட்டரைத் தட்டிப் பார்த்து, "இது நம்ம கரண்ட் இல்ல தானே" என்றாள். இல்லை, வெளிநாட்டுக் கரண்ட் என்று டோரீன் சொன்னதும், அப்படியானால் தனக்குச் சம்பந்தமில்லை என்று பிளேன்டீ குடித்துவிட்டுப் போனாள். லயத்துப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். வேலாயி அங்கே போன் சார்ஜ் போட்டாள். டோரீனுக்கு இழுப்பு வந்தால் மெஷின் ஓடியது. மின்வெட்டெல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கம்பியை யாரும் மாற்றவில்லை. மார்கழியில் மட்டும் பல்பு கொஞ்சம் மங்கும். அப்போது டோரீன், "அங்க பனி கொட்டுது போல, ஆளாளுக்கு ஹீட்டர் போட்டிருப்பாங்க" என்று சொல்லிக் கரண்ட் கேத்தலை நிறுத்திவிட்டு, விறகடுப்பில் தண்ணீர் வைப்பாள்.