முன்னால் சாயும் எழுத்து

பஸ் கம்பெனி ஷெட்டில் நின்ற பஸ்ஸின் வலப் பக்கத்தில் மகள் வரைந்து ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்ததும் பெரியவர் முகத்தைச் சுளித்தார். 'விரைவு வண்டி' என்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் விலா ஒட்டிப்போய், ஆனால் எலும்பு மட்டும் தடித்து, முன்பக்கமாகச் சாய்ந்து நின்றது. 'ண்'ணின் சுழிகள் நெரிசலில் மாட்டியவை போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா, இது என்ன, பட்டினி கிடந்தவன் குஸ்திக்குப் போற மாதிரி?"

"கதவுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இவ்வளவுதான்ப்பா இடம்," என்றாள் மகள். "ஒடுக்கினாத்தான் உயரமா நிக்கும். தடிச்சாத்தான் தூரத்துல தெரியும்."

"அதுக்கு ஏன் சாஞ்சு கிடக்கு?"

"ஓடுறவன் விறைப்பா நிமிர்ந்துக்கிட்டா ஓடுவான்?"

இந்தக் கம்பெனியில் பஸ் ஓட்டியே ஓய்ந்த மனுஷன் அவர். படிப்பு எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். கணினியில் எழுத்து வரைவதை ஒரு பிழைப்பு என்று அவர் நம்பியதே இல்லை. எழுத்துதான் ஏற்கெனவே இருக்கிறதே, அதை இன்னொரு தடவை வரைய எவன் கூலி கொடுப்பான்? இவளோ நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு இதில் இறங்கியிருக்கிறாள். இன்று முதலாளி பார்த்துத் தலையாட்டினால் எல்லா பஸ்ஸிலும் இந்த எழுத்து ஏறும். இல்லையென்றால் பழைய உத்தியோகத்துக்கே திரும்பிவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள்.

சட்டென்று அவருக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பக்கம் சரி. பஸ்ஸின் மூக்கு வலது கைப் பக்கம், எழுத்தும் அங்கேதான் சாய்கிறது. அந்தப் பக்கம் போனால் மூக்கு இடது கைப் பக்கமல்லவா வரும்? எழுத்து பின்னால் சாயுமே! ஓடுகிற வண்டியை யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுப்பது போல. முதலாளி கண்ணில் பட்டால் கதை முடிந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

அந்தப் பக்கமும் எழுத்து மூக்கைப் பார்த்தே சாய்ந்திருந்தது. நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தார்.

"திருப்பி ஒட்டிட்டியா?" என்றார், பின்னாலேயே வந்தவளிடம்.

"திருப்பி ஒட்டினா கண்ணாடியில தெரியற மாதிரி ஆயிடும், யாருப்பா படிப்பாங்க? இந்தப் பக்கத்துக்குன்னு எல்லா எழுத்தையும் தனியா வரைஞ்சேன். சுழியெல்லாம் என்ன அடம் பிடிச்சுது தெரியுமா?"

குறை தேடி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே பஸ்ஸின் மூக்குவரை நடந்தார்.

முதலாளி வந்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் போய்ப் பார்த்தார், தூரமாகப் போயும் பார்த்தார். "எல்லா வண்டியிலயும் போட்டுடும்மா," என்றவர், "என்ன டிரைவரே, பொண்ணு எழுத்து எப்படி?" என்றார்.

"இதை நம்ப முடியாது முதலாளி."

மகளின் முகம் சுண்டிவிட்டது. பெரியவர் சுவரோரம் போய் ஒரு மரக்கட்டையைத் தூக்கி வந்து பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

"நிக்குதா, கிளம்பிடுச்சான்னே தெரியலையே," என்று அதைக் குதிகாலால் உதைத்து இறுக்கினார். பிறகு பின்சக்கரத்துக்கு இன்னொரு கட்டை தேடிப் போனார்.