பெண் பார்க்கப் போன இடத்தில் அமில ஆக்சைடு

பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தும் பிரவீணாவைப் பெண் பார்க்க, அறிவரசன் அம்மாவோடு பாடாலூருக்கு வந்திருந்தான். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. கேசரி சாப்பிட்டு முடித்ததும், பேசிவிட்டு வரட்டும் என்று இருவரையும் கொல்லைப்புறம் அனுப்பினார்கள்.

முருங்கை மரத்தடியில் நின்றார்கள். அறிவரசன்தான் முதலில் கேட்டான்.

"இன்னிக்கு காலேஜ் லீவுங்களா?"

"காலையில ஒரு கிளாஸ் எடுத்துட்டுத்தான் வந்தேன். அமில ஆக்சைடு."

அறிவரசனுக்கு உயிர் வந்தது. "அலோகத்தோட ஆக்சைடு எல்லாமே அமிலம்தானேங்க."

"எல்லாம் இல்லீங்க. கார்பன் டை ஆக்சைடு அமிலம். கார்பன் மோனாக்சைடு நடுநிலை."

"லேசாவாவது அமிலமா இருக்கும்ங்க."

"இருக்காதுங்க."

அவன் போனை எடுத்துத் தேடிப் படித்தான். "நீங்க சொன்னதுதான் சரி. இத்தனை வருசமா தப்பா நெனச்சிட்டிருந்தேன்" என்று சிரித்தான். பிரவீணா அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணலும் அமில ஆக்சைடுன்னா பிள்ளைங்க நம்ப மாட்டேங்குதுங்க. தண்ணியில கரையலையேங்குதுங்க."

"எங்க சூளைக்குக் கூட்டிட்டு வாங்க. சுண்ணாம்பு காரமாச்சே, ஆயிரத்து நானூறு டிகிரி சூட்டுல மணலு அதைப் புடிச்சுக்கும். அப்பறம் விடவே விடாது. கறுப்புக் கண்ணாடி வழியா பாத்தா உள்ள தகதகன்னு உருளும்."

அவள் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறாளே தவிரப் பார்த்ததில்லை. உள்ளே ஓடி, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, தெளிந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஜூஸ் குழலோடு வந்தாள்.

"ஊதுங்க. உறிஞ்சிடாதீங்க."

ஊதினான். நீர் பாலாக வெளுத்தது. மூச்சில் இருந்த கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்திருந்தது.

"இது எனக்குத் தெரியும்" என்றான்.

"நிறுத்தாதீங்க. ஊத ஊத மறுபடி தெளியும்."

கன்னம் உப்ப, கண்ணில் நீர் வர ஊதினான். இவர்களைத் தேடி வந்த அவன் அம்மா சுமதி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்டா, பேசச் சொன்னா ஊதிக்கிட்டு நிக்கிறே?"

"தெளியப் போவுதும்மா."

பிரவீணா டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பால் நிறம் மெல்ல மெல்லக் கலைந்தது. சுமதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

பிறகு பிரவீணாவின் அப்பா ராசாங்கம் மகளைச் சமையலறைக்குள் அழைத்து, மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா சொல்றே?"

"ஞாயித்துக்கிழமை நாம அரியலூர் போறோம்ப்பா. சூளை பாக்கணும்."

கல்யாணத்துக்கும் சூளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. எல்லாருக்கும் இன்னொரு முறை காபி போடச் சொன்னார்.