பாதி ரத்தான பதினான்காம் இருக்கை

மொந்தேவிதேயோ பேருந்து நிலையத்தில், எங்கள் கவுண்டர்முன் இரண்டு பேர் ஒரே இருக்கைக்காகச் சண்டை போட்டது அந்த வாரத்தில் மூன்றாம் முறை. எல்லைச் சந்தையில் துணி விற்று வளர்ந்தவன் நான். ஒரே சட்டையை இரண்டு பேருக்குக் காட்டலாம். இரண்டு பேருக்கும் கட்டிக் கொடுக்க முடியாது.

முதலாளி வால்டெமார், சீட்டு விற்கும் கணினி நிரலை எழுதிய யமிலாவை வரவழைத்தார்.

“மத்தியானம் ரிவேரா ஊருக்குப் போற வண்டியிலயும் இதே கூத்துன்னா, நாளையிலேருந்து பழையபடி நோட்டுதான். உன் புரோகிராமுக்கு ஒரு கும்பிடு.”

இரண்டு வருட உழைப்பு. யமிலா என் பக்கத்தில் வந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

“ரத்து பண்றப்போதான் கோளாறு வருது, நாசிம் அண்ணே. பூட்டுகூடப் போட்டிருக்கேன். ஒரு வேலை உள்ள இருக்கறப்போ இன்னொண்ணு நுழைய முடியாது.”

“ரத்து பண்ணா என்னென்ன நடக்குது? வரிசையாச் சொல்லு.”

“முதல்ல காத்திருப்புப் பட்டியலுக்குத் தகவல் போகும். அப்புறம் சீட்டுல இருக்கிற பேரை அழிக்கும்.”

“தகவல் கிடைச்ச பட்டியல் கையைக் கட்டிக்கிட்டு நிக்குமா?”

“இல்ல, உடனே திரும்பி வந்து புதுப் பேரை எழுதி...” நிறுத்தினாள். “ஐயோ! ரத்து இன்னும் முடியலையே! எழுதின புதுப் பேரையே அது அழிச்சிடுது. சீட்டு காலின்னு காட்டுது, நீங்க மறுபடி விக்கறீங்க.”

“அப்போ பூட்டு?”

“அது வெளியாளைத்தான் தடுக்கும். இது சாவி வச்சிருக்கிறவன் கையைப் பிடிச்சுக்கிட்டே திரும்ப உள்ள வருது.”

பெயரை அழித்து, ரத்தை முழுதாக முடித்த பிறகே தகவல் போகும்படி வரிசையை மாற்றினாள். நடுவில் எது திரும்பி வந்தாலும் வேலை முடியும்வரை காத்து நிற்கவேண்டும்.

வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கையில், பதினான்காம் இருக்கைக்காரர் ரத்து செய்தார். யமிலா நகத்தைக் கடித்தாள். திரையில் அவர் பெயர் போய், பட்டியலில் முதலில் இருந்தவர் பெயர் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தே இருந்தது.

ஒரு அம்மாள் மூட்டையோடு ஓடி வந்தார். “ஒரு சீட்டு குடுப்பா, ராசா.”

“இல்லம்மா.”

“மனசு வச்சா இருக்கும்.”

“என் மனசுல நாலு இருக்கும்மா, வண்டியில ஒண்ணுகூட இல்ல. அடுத்த வண்டியில ஜன்னலோரம் தரேன்.”

விற்க முடியாததற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ரிவேரா வண்டி சண்டையில்லாமல் கிளம்பியது. வால்டெமார் திரையை எட்டிப் பார்த்தார். பாராட்ட அவருக்கு வராது.

“சால்த்தோ வண்டியையும் இதுலயே ஏத்திடு. எப்போ முடியும்?”

“வெள்ளிக்கிழமை,” என்றாள் முகமெல்லாம் மலர.

நானாக இருந்தால் இரண்டு வாரம் என்று சொல்லி, ஒன்றில் முடித்துக் காட்டியிருப்பேன். பேரம் தெரியாத பெண்.