பேச்சு இருக்கிற தாள்

கொக்கைப் பற்றிய அந்த வரி தாளில்தான் இருந்தது என்று போன மாதம் வரை யார் கேட்டாலும் சங்கிலிமுத்து அடித்துச் சொல்லியிருப்பான், இப்போது சொல்ல முடியவில்லை, ஒரு காலை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்ததைப் போலக் கொக்கு நின்றது... இது அச்சில் பார்த்த வரியா, இல்லை பக்கத்தில் உட்கார்ந்து பெண்டாட்டி சண்முகத்தாய் சொன்னதா, சொன்னாள் என்றால் எந்த மேகத்துக்குச் சொன்னாள், நினைக்க நினைக்க எழுத்தும் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, கலர் விலகி அச்சான காலண்டரில் சாமிக்கு இரண்டு உதடு தெரியுமே, அந்த மாதிரி. மேற்கே மலைப்பக்கம் கறுத்துவிட்டது. போர்மேன் ராக்கப்பன் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கையை வீசிக்கொண்டு அறை அறையாக ஓடினான், "தட்ட மூடிட்டு வெளிய வாங்க, ஏலே, ஒருத்தரும் உள்ள இருக்கப்பிடாது, மின்னலு ஒங்க மாமனா மச்சானா?" மேகம் திரண்டால் பட்டாசுக் கம்பெனியில் வேலை நின்றுவிடும், மருந்து இருக்கிற அறைகளை விட்டு எல்லாரும் மதிலோரத்து வேப்பமரங்களுக்கு வந்துவிட வேண்டும், மேகம் கலைகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், சீசன் நேரத்தில் முதலாளிக்கு வயிறு எரியும், கூலிக்காரர்களுக்கும் எரியும்தான், ஆனால் சண்முகத்தாய்க்கு மட்டும் மேகம் திரண்டால் முகம் மலர்ந்துவிடும். காயப்போட்ட தட்டுகளை மூடிவிட்டு வந்து, சங்கிலிமுத்து எப்போதும் உட்காருகிற மரத்தடியில் உட்கார்ந்தான். மடியில் மஞ்சள் பை. பைக்குள் புத்தகம்.

நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "இனிமே தேதி நீட்டிக்க மாட்டாங்களாம்ப்பா, படிச்சிட்டீகளா இல்லையா?" என்று காலையில் இசைவாணி கேட்டாள், விருதுநகரில் காலேஜ் படிக்கிற மகள், அம்மாவின் தாளில் மேலே அச்சாகியிருந்த பெயரை நினைவு வைத்திருந்து, காலேஜ் நூலகத்தில் தேடிப்பிடித்து, "அம்மாவோட கத கெடச்சிருச்சு" என்று ஓடிவந்து கொடுத்தவள். அவள் கொடுத்தபோது அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரி பாயில் படுத்த பிறகுதான் பயம் வந்தது. கொக்கு வரி புத்தகத்தில் இருந்துவிட்டால்? அப்போது அது சண்முகத்தாய் சொன்னதில்லை என்று ஆகிவிடும். அவள் சொன்னவையாக அவனிடம் இருப்பதே கொஞ்சம், போட்டோகூட ரேஷன் கார்டில் இருக்கிறதும் கல்யாண வீட்டுக் கும்பலில் பாதி முகமுமாக இரண்டுதான், அதில் ஒன்றை யாரோ ஒரு எழுத்தாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டு எப்படி... தினமும் பையில் போட்டுக் கொண்டுவருகிறான், தினமும் திறக்காமல் கொண்டுபோகிறான்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மல்லாங்கிணற்றில் மானாவாரிக்காரர் மகள், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பருத்திக் காட்டுக்குப் போனவள். இங்கே வந்து குழாய் உருட்டுகிற பிரிவில் உட்கார்ந்தாள், வெடிக்கான குழாய்களைப் பழைய காகிதத்தில்தான் உருட்டுவார்கள், லோடு லோடாக வரும், பரீட்சைத் தாள், கணக்குத் தாள், சட்டப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, யாருக்கும் வேண்டாதது எல்லாம், அதற்குள்ளிருந்து கதைத் தாளை மட்டும் எப்படிப் பொறுக்கினாள் என்று முதலில் அவனுக்குப் புரியவில்லை. "இந்தா பாருங்க, இங்கன ரெட்டைப் புள்ளி தொங்குதுல்ல, காக்கா நகங் கணக்கா? அது இருந்தா யாரோ பேசுறாகன்னு அர்த்தம். கணக்குல யாரு பேசுறா? கோர்ட்டுத் தாள்லயும் பேச்சுக் கெடையாது. இது பேச்சு இருக்கிற தாளு." மேற்கோள் குறியைத்தான் சொன்னாள். முந்தானையில் மடித்து வைத்திருந்து, மேகம் திரண்டு விசில் அடித்ததும் இந்த மரத்தடிக்குக் கொண்டுவருவாள், அவன் எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பான், முதலும் முடிவும் இல்லாத ஒற்றைத் தாள்கள், கேட்டு முடித்ததும் அவளே அதைக் கொண்டுபோய்க் குழாயாக உருட்டிவிடுவாள், அந்தக் கதைகள் எல்லாம் எந்தெந்த ஊரில் வெடித்துச் சிதறினவோ. ஒரு தாளை மட்டும் உருட்டவில்லை. பஸ்ஸில் ஒருத்தி போகிறாள், மடியில் தகர டப்பாவில் ஒரு நாற்று, தெரியாத ஊரில் இறங்கி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், உள்ளேயிருந்து 'யாரு?' என்று ஒரு குரல் கேட்கிறது, 'அவள்' என்ற சொல்லோடு தாள் முடிந்துவிடுகிறது. அவள்... அவள் என்ன செய்தாள்? ஒவ்வொரு மேகத்துக்கும் சண்முகத்தாய் ஒரு முடிவு சொன்னாள். டப்பாவை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள் என்றாள் ஒரு தடவை. இன்னொரு தடவை, "நான்தான்னு சொன்னா." "நான்தான்னா எவன்டி கதவத் தொறப்பான், பேரச் சொல்ல வேண்டாமா?" என்று பாண்டிலட்சுமி மடக்கினாள். "தெரிஞ்சவுகளுக்கு நான்தான் போதும்டி."

அந்தப் பாண்டிலட்சுமிதான் இப்போது எதிர் மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போடுகிறாள், சண்முகத்தாயோடு ஒரே பலகையில் உட்கார்ந்து குழாய் உருட்டியவள். "என்னண்ணே, தெனமும் பையோட வாறீக, பெரிய பரிச்சையா? பாஸானா எங்களுக்குப் போர்மேனா வருவீகளா?" அவன் பையை மடிக்குள் இன்னும் இழுத்துக்கொண்டான். "வந்தா மொத வேலையா இந்த ராக்கப்பன் விசிலப் புடுங்குங்க, காது போச்சு." கேலி அவளுக்குப் பழக்கம், இந்த மரத்தடியில் ஓர் ஆள் குறைந்துபோனதை அவளும் இப்படித்தான் தாண்டிப்போகிறாள் போலிருக்கிறது. போன கார்த்திகையில் சண்முகத்தாய்க்குக் காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் என்னவோ குறைகிறது என்று மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், மதுரையிலிருந்து வேனில் திரும்பி வந்தாள். துக்கத்துக்கு வந்த வெளியூர்ச் சனம் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது, "எந்தக் கம்பெனி? எந்த ரூமு?" இந்தச் சீமையில் ஒருத்தி செத்தால் வெடியில்தான் செத்திருக்க வேண்டும். காய்ச்சல் என்று அவன் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஏதோ அணைந்துபோனது, "காய்ச்சலா..." என்று இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பேப்பரில் பெயர் வரவில்லை, அதிகாரி யாரும் வரவில்லை. மருந்துக்குள்ளேயே கிடந்து பிழைத்தவளைக் கொசு கொண்டுபோயிற்று. வெடியில் போயிருந்தால் ஊரே கூடி அழுதிருக்கும்... சீ, என்ன நினைப்பு இது.

மதில் ஓரிடத்தில் இடிந்து கிடக்கிறது, அந்த இடைவெளி வழியாகக் கரிசல் காடு தெரியும், உடைமரங்கள் தெரியும், தூரத்தில் ஆனைக்குட்டம் அணைப்பக்கம் ஒரு கோடுபோலத் தண்ணீர் மினுங்கும். இருபது வருசமாக இந்த மதிலுக்குள் வேலை பார்க்கிறான், அவள் காட்டுகிற வரைக்கும் அந்த இடைவெளியில் மூத்திரம் பெய்யத்தான் போயிருக்கிறான். "நீங்க தாளப் படிங்க, நான் அங்கன படிக்கேன்" என்பாள். பேச மாட்டாள் அப்புறம். அரை மணி, ஒரு மணி, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மண்ணில் முதல் துளி விழுந்தால் புழுதி சின்னதாக எழும்பி உட்காருவதை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மரமேறுவதை, மேகத்தின் நிழல் சோளக்காட்டின்மேல் ஊர்ந்துபோவதை... மதுரை ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் கண் செருகிக் கிடந்தான், திடீரென்று தெளிவாகச் சொன்னாள், "வெயில் இறங்குறதப் பாக்கக்கூட ஒரு ஆள் வேண்டியிருக்கு." 'வேணும்' என்றுதான் அவள் பேச்சில் வரும், 'வேண்டியிருக்கு' என்று வராது, காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்து, "பேசாமப் படு புள்ள, டாக்டர் பேசக்கூடாதுன்னிருக்காரு" என்றான். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டாள், போர்வை கேட்டாள், வேறொன்றும் சொல்லவில்லை. இத்தனை மாதமாக அவன் அந்த ஒரு வரியோடுதான் படுக்கிறான், எழுகிறான், கொக்கு போனாலும் போகட்டும், அது மட்டும் யாரும் எடுக்க முடியாதபடி அவளுடையது.

மலைமேல் மின்னல் ஒரு வெட்டு வெட்டியது. எண்ணிக்கொண்டிருந்தால் சத்தம் வர நேரமாகும், தூரத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கும் திறக்காமல் கொண்டுபோனால் நாளைக்குப் புத்தகம் போய்விடும், பிறகு சாகிற வரைக்கும் இந்தக் கேள்வி, அவள் சொன்னாளா, தாளில் இருந்ததா... பையிலிருந்து எடுத்தான். விரல்கள் மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடியில் மினுங்கின, வேட்டியில் துடைத்துக்கொண்டான். பஸ்ஸைத் தேடிப் புரட்டினான், நாற்றைத் தேடினான், நடுப்பகுதிக்குக் கொஞ்சம் முன்னால் அகப்பட்டது, அதே பக்கங்கள், ஆனால் கசங்காமல், பசை படாமல், வேறு யாருடையதோபோல. எழுத்துக் கூட்டி மேலிருந்து வந்தான். பஸ் வந்தது. டப்பா வந்தது. வயல் வந்தது, வயலில் கொக்கு இல்லை. தாளைத் திருப்பினான், அங்கும் இல்லை, மறுபடி மேலிருந்து வந்தான், ஆடு ஒன்று இருந்தது, தந்திக்கம்பத்தில் கரிச்சான் குருவி ஒன்று இருந்தது, கொக்கு எங்கேயும் இல்லை. அப்படியானால் அவள்தான். அவளேதான். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, கண்ணை ஓட்டிக்கொண்டே கீழே இறங்கினான், அப்போது காக்கா நகங்களுக்கு நடுவில் அது இருந்தது.

"வெயில் இறங்குறதைப் பார்க்கக்கூட ஒரு ஆள் வேண்டியிருக்கு" என்றாள். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டிருந்தார்.

அவன் இன்னொரு முறை படித்தான். எத்தனை மேகத்துக்கு இதை வாய்விட்டுப் படித்திருப்பான், எப்படி மறந்தது... மறக்கவில்லை, கேட்கவே இல்லை. படிக்கிறவனுக்கு எழுத்துக் கூட்டுவதே பெரும்பாடு, அடுத்த எழுத்து என்ன, அடுத்த எழுத்து என்ன என்று கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், கதை எல்லாம் கேட்டவளுக்குத்தான் போயிருக்கிறது. தாள் முழுக்க அவளுக்கு மனப்பாடம். அந்தத் தாள் அன்றைக்குக் கட்டிலுக்கடியில் ஆஸ்பத்திரிப் பையில்தான் இருந்தது, பையோடு சேர்த்துப் பிறகு எங்கேயோ போயிற்று. படிக்கச் சொல்லிக் கேட்டாளோ? வரியை எடுத்துக் கொடுத்தால் இவன் தொடருவான் என்று பார்த்தாளோ? இல்லை... பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டிருந்தார். நாற்காலியில் கண் செருகிக் கிடந்தவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். கேலி. சாகக் கிடக்கும்போதுகூட ஒரு கேலி, அடுத்த வரி அவனுக்கே தெரியும், தெரிந்து சிரிப்பான் என்று நினைத்திருக்கிறாள். சிரித்திருக்க வேண்டியவன் பேசாமப் படு என்றான். அப்படித்தானா, அல்லது வெறும் காய்ச்சல்தானா, யாரைக் கேட்பது... தாளின் கடைசியில் 'அவள்' என்ற சொல் அப்படியே நின்றுகொண்டிருந்தது, கண்ணை எதிர்ப் பக்கத்துக்குத் திருப்பினால் போதும், கட்டைவிரல் அதன் ஓரத்தில்தான் இருந்தது.

மழை வரவில்லை. காற்று மேகத்தை வடக்கே தள்ளிக்கொண்டு போயிற்று, மதில் இடைவெளி வழியாக மஞ்சள் வெயில் நீளமாக விழுந்தது, வெளியே வாய்க்காலில் நேற்றைய மழைத் தண்ணீர் முழங்கால் அளவு கிடந்தது, அதில் ஒரு கொக்கு. "ஒரு கால எங்கனயோ மறந்து வச்சிட்டு வந்தது கணக்கா நிக்கி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். "என்னண்ணே?" என்றாள் பாண்டிலட்சுமி. அவன் கையைக் காட்டினான். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். "அட, ஆமா" என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இது அவ சொல்றதுதான..." ராக்கப்பன் விசில் அடித்தான். "எந்திரிங்க, எந்திரிங்க, ஆர்டர் நிக்கி. ஏலே சங்கிலி, கொக்கு புடிக்கவா வந்த?" சங்கிலிமுத்து புத்தகத்தை மூடிப் பையில் வைத்தான்.

மறுநாள் இசைவாணி அதைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் பஸ்ஸில் முடிவைப் படித்துவிட்டாள், அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படிப்பு முடிந்து இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிழை பார்க்கிறாள். பாண்டிலட்சுமிக்கு முட்டிவலி, கம்பெனிக்கு வருவதில்லை, வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். ராக்கப்பன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான், விசிலையும் கொண்டுபோனான். மதிலை எடுத்துக் கட்டிவிட்டார்கள். சங்கிலிமுத்து அங்கேயேதான் வேலை பார்க்கிறான், மேகம் திரண்டால் அதே மரத்தடியில் உட்காருகிறான், கையில் தாள் இருந்தால் படிக்கிறான், பக்கத்தில் யாராவது இருந்தால் சத்தமாக. சண்முகத்தாய் போய்ச் சேர்ந்து வரும் கார்த்திகையோடு மூன்று வருசம்.