ஓவன் மேல் ஈரத்துண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்ததல்ல, என் சமையலறையிலிருந்தே திருடியது. நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கும் என் தங்கை, நேற்றுக் காலை ஓவனில் முட்டை வேகவைத்தாள். வெண்ணெய் தடவிய கிண்ணங்களில் வதக்கிய தக்காளி, நடுவில் ஒரு குழி, அதில் உடைத்து ஊற்றிய முட்டை, மேலே மிளகுத்தூள். வெள்ளை இறுகி, மஞ்சள் தளதளவென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டுமாம். அடடா, என்ன ருசி! சாப்பிட்டதும் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து ஓவன் மேல் போட்டாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"என்னடி, ஓவனுக்குக் காய்ச்சலா?"

"பழக்கம்க்கா" என்று சிரித்தாள். எழுதுகிறவளுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் ஆரம்பம்: "அந்த வீட்டில் காலை என்பது வெண்ணெய் உருகும்..." சே, விளம்பரம்.

இரண்டாவது: "அவள் முட்டையை உடைத்தாள். உடைந்தது முட்டை மட்டும்..." போதும் தாயே!

மூன்றாவது தேறியது. ஒருத்தி, புருஷன் வெளியே போனதும் தனக்கென்று முட்டை வேகவைக்கிறாள். அவன் திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஓவனைத் தொட்டுப் பார்ப்பான். சூடு இருந்தால் தொலைந்தாள். 'என்னைக் கேட்காமல் உனக்கு மட்டும் என்ன சாப்பாடு?' அதற்குத்தான் ஈரத்துண்டு.

(இப்படியும் ஒருத்தன் இருப்பானா? கொஞ்சம் ஓவராகப் போகிறதோ? திருத்தும்போது குறைத்துக்கொள்ளலாம்.*)

* குறைக்கவில்லை. ஏனென்று கீழே வருகிறது.

3

இன்று காலை கிண்ணங்களை ஓவனில் வைத்துவிட்டு வந்த தங்கை, என் தோள்வழியாக எட்டிப் படித்தாள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"அக்கா, அவரு தொட்டுப் பாக்குறது உனக்கு எப்படித் தெரியும்?"

"எவரு?"

"என் வீட்டுக்காரருதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று நானாகக் கட்டிவிட்டது அது! இங்கே வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற மனுஷன் அவர்.

"சூடு இருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என் கையப் புடிச்சு அதுமேலயே வைப்பாரு." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "ரொம்ப நேரம் இல்லக்கா."



"ஏன்டி சொல்லல?"

"நீதான் வாயத் தொறந்தா அவரத் தங்கம் தங்கம்னு சொல்லுவியே."

4

அந்தத் தங்கம் இன்னும் சற்று நேரத்தில் இவளை அழைத்துப்போக வருகிறது. போவாளா, இருப்பாளா? அவள் சொல்லவில்லை. நான் முடிவுகளை எழுதினேன். எனக்கு வேறென்ன தெரியும்?

முடிவு அ: நான் கதவைத் திறந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன். அவர் தலைகுனிந்து...

முடிவு ஆ: அவர் அழுகிறார். நான் மனமிரங்கி, இவளைக் கூட அனுப்பி... சீச்சீ! இதை நானா எழுதினேன்?

தங்கை இரண்டையும் பொறுமையாகப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நான் எங்கக்கா பேசுறேன்?"

தேடிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

அழைப்புமணி அடித்தது. பதறி எழுந்தேன்.

"நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

"என்ன, கெளம்பலாமா?" மாப்பிள்ளையின் குரல். எப்போதும் போல அன்பாகத்தான் இருந்தது.

வாசகரே, முடிவை என்னிடம் கேட்காதீர்கள். என் தங்கை பதில் சொல்லப் போகிறாள். அவள் பேசும்போது இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பேனாவை வைத்துவிட்டேன். அவள் பக்கத்தில் போய் நிற்கப் போகிறேன்.