இடக்கன்னம்

இருபுறமும் கடல் கிடந்து இரைய, நடுவே மணலையும் பனைகளையும் சுமந்து வடமேற்கே நீண்டு கிடக்கும் மன்னார்த் தீவின்மேல், பங்குனித் திங்களின் வைகறை, நோயாளி உறங்கும் அறைக்குள் விளக்கைக் கையால் மறைத்து நுழைபவளைப்போல ஓசையின்றி நுழைந்துகொண்டிருந்தது. தென்கரையில் நிரையாய் நின்ற காற்றாலைகள் காற்றில்லாமையால் கைவிரித்தபடியே நிற்க, தெருவைப் படுக்கையாக்கிய கழுதைகள் எழ மனமின்றிக் காதுகளை மட்டும் அசைக்க, இரவெல்லாம் வலையோடு அலைந்த படகுகள் பேசாலைக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாய் மணலில் மூக்கைச் செருகி இளைப்பாறின. அவற்றின் நடுவே கிடந்த ஒரு படகு மட்டும் எங்கிருந்தும் திரும்பியதன்று. ஓராண்டாய் அது கரையை விட்டு நகரவேயில்லை. அதன் அடிப்பலகையில் வெயில் பிளந்த வெடிப்புகளுக்குள் நண்டுகள் குடியேறியிருந்தன.

அப்படகிற்குரியவரின் மருமகன் ஜெயரூபன் ஐந்து மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டினான். கிணற்றில் நான்கு வாளி அள்ளிக் குளித்தான். ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றினான், சீனி போடவில்லை. குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை அழுத்தி அணிந்தான். கைபேசியை எடுத்து, மாலை நாலரைக்கு ஒலிக்கும்படி வைத்திருந்த மணி மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. கதவைப் பூட்டினான்.

முப்பத்திரண்டு அகவையே நிரம்பிய அவன், தீவின் பள்ளியொன்றில் உயர்தர வகுப்பிற்கு உயிரியல் கற்பிப்பவன். மலைநாட்டிலிருந்து பெயர்ந்து முருங்கனில் வயற்கூலியாய் வேரூன்றிய குடியில் பிறந்து, கடலையே வயலாக உழும் கத்தோலிக்கக் குடியில் பெண்கொண்டவன். மனைவி டினோஜா இறந்து வருகின்ற ஞாயிறோடு ஓராண்டு நிறைகிறது. அன்றைய திருப்பலியில் ஊரார்க்குக் கொடுக்க அச்சிடும் நினைவு அட்டையில், படத்தின்கீழ் இறந்தவரின் இறுதிச்சொல்லைப் பொறிப்பது அவள் குடும்பத்து வழக்கம். மறுநாள் அட்டை அச்சுக்குப் போகவேண்டும். மாமியார் மதலேனா இருமுறை கேட்டுவிட்டார். அவன் இருமுறையும் பார்ப்போம் என்றான்.

அவன் நாவைக் கட்டியது எதுவென்று, கற்றறிந்த நீவிர் இப்பொழுதே அறிந்துகொள்வது நன்று. மகளைக் கொன்றது தம் கத்தியே என்று மாமனார் எமிலியானுஸ் நம்பிக்கொண்டிருந்தார். கோவில் முற்றத்தில் எல்லோர் காதும் கேட்க அவ்வாறே சொல்லி, அன்றுமுதல் நற்கருணை வாங்குவதை நிறுத்தினார். கடலுக்குப் போவதையும் நிறுத்தினார். அந்தப் பழியில் ஒரு பாதி தன்னுடையதென்று அறிந்தவன் ஜெயரூபன் ஒருவனே. இறுதிச்சொல்லைச் சொன்னால் அந்தப் பாதியையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் முழுப்பழியோடு அம்முதியவர் சாவார்.

அன்று வகுப்பில் ஓராண்டாய் அவன் தள்ளிவைத்த பாடம் வந்து நின்றது. நரம்புத் தொகுதி. வேறு பாடம் எஞ்சியிருக்கவில்லை. அவன் சுண்ணக்கட்டியை எடுத்து, மண்டையோட்டுக்குள் மடிந்து மடிந்து கிடக்கும் மூளையையும், முதுகெலும்பின் துளைவழியே கயிறெனத் தொங்கும் முண்ணாணையும், அதனின்று இணையிணையாய்ப் பிரிந்து விரல்நுனிவரை ஓடும் நரம்புகளையும், வலையின் கண்களை எண்ணிப் பின்னுபவனைப்போல் பிழையின்றி வரைந்தான். முள் குத்திய செய்தியை உள்ளே சுமப்பவை சில; காலை இழு என்னும் கட்டளையை வெளியே சுமப்பவை சில; மூச்சையும் விழுங்குதலையும் நாம் நினையாமலே நடத்துபவை சில. ஒவ்வோர் இழையின் சுவரிலும் எண்ணிறந்த நுண்வாயில்கள் உள்ளன; அவை திறக்க, உப்பின் துகள்கள் உட்புக, செய்தி அலையாய் ஓடுகிறது. வாயில் திறவாவிட்டால் அலை இல்லை. இவ்வாறு அவன் சொல்லிக்கொண்டே போனான். குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை.

அப்போது ஷிஹானா என்னும் மாணவி கையுயர்த்தினாள்.

“சேர், பல்லுப் பிடுங்க ஊசி போட்டா வாய் விறைக்குதே, அது இந்தக் கதவைத்தான் மூடுதோ?”

“ஓம்.”

“எனக்குப் போனமாசம் ஒரு பக்கம் மட்டுந்தான் விறைச்சது, சேர். மற்றப் பக்கத்தால பாண் சாப்பிட்டனான்.”

“இவள் ரெண்டு பக்கமும் விறைச்சாலும் சாப்பிடுவாள், சேர்” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. வகுப்பு சிரித்தது.

“ஒரு பக்கத்து நரம்புக்குப் போட்ட ஊசி ஒரு பக்கத்தைத்தான் விறைக்கப்பண்ணும்” என்றான் ஜெயரூபன். “மற்றப் பக்கமும் விறைச்சால், காரணம் ஊசியில்லை.”

சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தான். மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எஞ்சியதைத் தாங்களே படிக்கும்படி சொல்லிவிட்டு, பலகைக்கு முதுகு காட்டியபடி கடலைப் பார்த்து நின்றான். இருபது மாணவர்க்கு எளிதாய்ச் சொன்ன அவ்வொரு வரியை, சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஒருத்திக்குச் சொல்லத் தவறியவன் அவன்.

அந்த வெள்ளியன்று முற்பகலில் டினோஜா வலப்புறக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மெல்ல இயலாத மகளுக்கென்று எமிலியானுஸ், தொட்டால் பந்தென உப்பும் பேத்தை மீன் இரண்டைக் கொணர்ந்தார். பிற வலைகாரர் அருவருத்து வீசும் அம்மீனை, நஞ்சுறையும் ஈரலும் சினையும் கிழியாமல் எடுத்துக் கழுவி உண்பது அவர் குடும்பத்தில் மட்டும் வழிவழி வந்த துணிவு. நாற்பதாண்டு தவறாத கை. ஒரு மீனைத் தாமும் மனைவியும் உண்டனர். மற்றதன் மென்சதையைத் தேங்காய்ப்பாலில் கரைத்துச் சொதி வைத்து மகளுக்கு அனுப்பினர். அன்று எங்கோ ஒரு மயிரிழையளவு கிழிந்திருந்தது. வெள்ளிதோறும் மரக்கறி மட்டுமே உண்பவனாதலால் ஜெயரூபன் அச்சொதியைத் தொடவில்லை.

மூன்றேகாலுக்கு அவள் வந்து, நாக்கு விறைக்கிறது என்றாள். அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். இடக்கன்னத்தில் கைவைத்து, இந்தப் பக்கமும் விறைக்கிறதே என்றாள். ஊசிமருந்து பரவியிருக்கும், கொஞ்சம் படுத்திரும் என்றான், தலைநிமிராமலே. அவள் படுத்தாள். படுக்குமுன் இன்னுமொன்று சொன்னாள். அதற்கும் அவன் ஓம் என்றான். பின்பு, நோவோடு வந்தவள் உறங்கட்டும் என்றெண்ணி எழுப்பாமல் விட்டான். பல் எப்படி என்று பார்க்க ஐந்து மணிக்கு வந்த மதலேனா தோளைத் தொட்டபோது, இமைகள் உயரவில்லை, கை உயரவில்லை, மூச்சு மட்டும் மேல்நெஞ்சில் சிறிதாய் ஏறியிறங்கியது. முச்சக்கர வண்டியில், மன்னார் நகருக்குப் பாதிவழியில், அதுவும் நின்றது. அவன் தன் மூச்சை அவள் வாயில் ஊதிக்கொண்டே போனான். மதலேனா அவள் காதோடு வாய்வைத்து யேசு, மரி, சூசை என்று ஓதிக்கொண்டே வந்தார். மருத்துவமனை வாயிலில் நெஞ்சும் அடங்கியிருந்தது. மீனின் நஞ்சென்று மருத்துவர் சொன்னபோது எமிலியானுஸ் தம் வலக்கையைப் பார்த்தார். ஜெயரூபன் இடக்கன்னத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பள்ளி விட்டு, மாலை வகுப்பும் முடிந்ததும் அவன் தன் வீட்டுக்குப் போகாமல் மாமனார் வீட்டுக்குப் போனான். எமிலியானுஸ் கடலுக்கு முதுகு காட்டிப் போட்ட கதிரையில் அமர்ந்திருந்தார். மதலேனா அட்டைக்கான படத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டானா என்று கேட்டார்; ஆள் வற்றிப்போனதைச் சொல்லி, நெத்தலிக் கருவாடே இவனைவிடத் தசை வைத்திருக்கிறது என்றார். பிறகு தாம் முடிவுசெய்துவிட்டதைச் சொன்னார். யேசு, மரி, சூசை என்று போடலாம். வண்டியில் அவள் உதடு அசைந்ததைத் தாம் கண்டார்.

ஜெயரூபன் நின்றபடியே பேசினான்.

“மாமா, மூண்டேகாலுக்கே அவள் சொன்னவள். மற்றக் கன்னமும் விறைக்குதெண்டு சொன்னவள். ஊசி எண்டு நினைச்சுப் படுக்கச் சொன்னனான். படிப்பிக்கிற எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும். அப்பவே கொண்டுபோயிருந்தால், ஒரு நாள் மெசினில மூச்சுக் குடுத்திருப்பாங்கள். நஞ்சு தானா இறங்கியிருக்கும்.”

அடித்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று அவன் நின்றான். கிழவர் எழுந்து, உள்ளே சென்று, இன்னொரு கதிரையைத் தூக்கிவந்து தம் பக்கத்தில் வைத்தார்.

“இரும் தம்பி” என்றார். “கத்தி என்ரைதான். அது மாறாது. ஆனா ஒரு வருசமா நான் தனிய இருந்தனான். நீர் சொல்லியிருக்கலாம்.”

“ஓம் மாமா.”

“இப்ப ரெண்டு பேர்.”

அவன் அமர்ந்தான். மன்னிப்பு அவனுக்குக் கிடைத்ததா என்று கேட்பீராயின், இல்லை. அவனும் அவருக்கு வழங்கவில்லை. ஒரு சுமையின் இரு முனைகளை இருவர் பற்றியபோது சுமை குறைவதில்லை; ஆனால் கீழே வைத்து மூச்சுவாங்க இடம் உண்டாகிறது. அவ்வளவே அன்று அவ்வீட்டில் நிகழ்ந்தது.

மதலேனா படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மூன்றேகாலுக்கே விறைத்ததென்றால் வண்டியில் உதடு அசையவில்லையா என்று கேட்டார். அசைந்திருக்க இயலாது என்றான் அவன். அவர் முகம் சுருங்கக் கண்டு, உயிரியல் ஆசிரியன் தன் வாழ்நாளில் சொன்ன பாடங்களுள் மிகச் சிறியதை மெல்லச் சொன்னான்.

“சொல்லேலாது, மாமி. ஆனா கேக்கும். அந்த நஞ்சு உடம்பைக் கட்டிப்போடும்; அறிவை லேசில தொடாது. நீங்கள் காதுக்குள்ள சொன்னதைக் கேட்டிருப்பாள். என்ரை நெஞ்சில கைவைச்சு அதைச் சொல்லுவன்.”

மதலேனா வாய்விட்டு அழுதார், ஓராண்டில் அன்றுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்து, அச்சுக்குக் கொடுக்கும் தாளையும் எழுதுகோலையும் அவன்முன் வைத்தார். “அப்ப உண்மையா அவள் கடைசியாச் சொன்னது என்ன, தம்பி? அதைத்தான் போடுவம்.”

அந்நேரம் அவன் சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது. மணி நாலரை. ஓராண்டாய் நாள்தோறும் இதே பொழுதில் ஒலித்து, நாள்தோறும் அவன் அணைத்துவிடும் மணி. இம்முறை அவன் அணைக்கவில்லை; அது தானே ஓயும்வரை மூவரும் கேட்டுக்கொண்டிருந்தனர். வெளியே காற்றெழுந்து, தென்கரையின் ஆலைகள் ஒவ்வொன்றாய்ச் சுழலத் தொடங்கின. பெருஞ்சொற்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு இறப்போர் உலகில் சிலரே. ஏனையோர் நாளையும் இருக்கப்போகிறவர் போலவே பேசிவிட்டுப் போகின்றனர், அதைக் கேட்டவரோ அதனோடேயே எஞ்சிய நாளெல்லாம் இருக்கின்றனர்.

ஜெயரூபன் எழுதுகோலை எடுத்து, விறைத்த நாவினின்று வந்ததைத் திருத்தாமல், அவள் சொன்னபடியே எழுதினான்:

“நாலரைக்கு எழுப்பிவிடுங்கோ. தேத்தண்ணி நான்தான் ஊத்துவன். நீங்கள் சீனியை அள்ளிக் கொட்டிடுவியள்.”